சிறந்த நடிகையின் மகளுடைய எடை

சிறந்த நடிகைக்கான தேசிய விருது அறிவிக்கப்பட்ட நாற்பதாவது நிமிடத்தில், விருது பெற்றவளின் வீட்டுக்கு முதல் துக்க விசாரிப்பு வந்தது. வந்தவர் மேக்கப்காரர். இருபது வருடமாக அம்மாவின் முகத்துக்குப் பவுடர் போட்டவர். கறுப்புச் சட்டை போட்டிருந்தார், கையில் வெள்ளைப் பூக்கொத்து. கதவைத் திறந்து பூவை வாங்கிக்கொண்டவள், யாருக்காக அந்தப் பூ வாங்கப்பட்டதோ அந்தப் பெண்ணேதான். அவர் அவள் தலையில் கைவைத்து, "அம்மாவத் தனியா விட்றாத கண்ணு. இருந்தது ஒத்தப் பொண்ணு, அதையும் தூக்கிக் குடுத்துட்டு நிக்கிறாங்க" என்று தேம்பினார். போனது யார், மாமா என்று அவள் கேட்டாள். "நீதாம்மா" என்றார் அவர். இதைக்கூட இந்த வீட்டில் யாரும் பிள்ளையிடம் சொல்லவில்லையே என்ற ஆதங்கத்தோடு உள்ளே போய், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மதியத்துக்குள் பதினேழு பூக்கொத்துகள் சேர்ந்தன. வாழ்த்துச் சொல்ல வந்தவர்கள் மூன்றே பேர். அந்த மூன்று பேரும் படம் பார்க்காதவர்கள்.

பெண்ணுக்கு அப்போது பதினைந்து வயது, எடை நாற்பத்து மூன்று கிலோ. பிரசவ வலி என்று அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், இது பொய் வலி என்று அவர்கள் திருப்பி அனுப்பி, மறுநாள் மறுபடி கொண்டுபோனபோது பிறந்தவள் என்பதால், படப்பிடிப்புக் குழுவில் எல்லோரும் அவளை ரீடேக் என்றுதான் கூப்பிடுவார்கள். நிஜப் பெயர் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. அதன்மேலும் மறுநாள் காலை சிவப்பு மையில் ஒரு கோடு விழுந்துவிட்டது. வகுப்பில் இரண்டு நிமிட மௌனம் அனுசரித்தார்கள். எல்லோரும் நிற்கும்போது தான் மட்டும் எப்படி உட்கார்ந்திருப்பது என்று அவளும் எழுந்து நின்றாள். பெஞ்சில் பக்கத்தில் இருந்த தோழி அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அவளுக்காக அழுதாள். அழுகையைப் பார்த்து இவளுக்கும் அழுகை வந்தது. நாலு வயதிலேயே வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்ட அப்பாவிடமிருந்து அன்று சாயங்காலம் அம்மாவின் போனுக்கு ஒரு செய்தி வந்தது: "ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன இருந்தாலும், அவளுக்கு நானும் அப்பன்தானே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்." பதினோரு வருடத்தில் அவர் மகளைப் பற்றி அனுப்பிய முதல் செய்தி அது.

நடந்தது இதுதான். மகளைப் பறிகொடுத்த ஒருத்தி, அதற்குப் பிறகும் வீட்டைப் பெருக்கி, வேலைக்குப் போய், திரும்பி வருகிறாள். படத்தின் மொத்தக் கதையே அவ்வளவுதான். மகள் முதல் காட்சிக்கு முன்பே இறந்துவிடுவதால் அந்த வேடத்துக்கு ஆளே போடவில்லை. அறுபத்து மூன்றாவது காட்சிக்கு விளக்கெல்லாம் போட்டு முடித்த பிறகுதான், அலமாரியில் இருக்கும் ஃபிரேமுக்குள் வைக்க இறந்த பெண்ணின் போட்டோ ஒன்று வேண்டுமே என்பது ஆர்ட் அசிஸ்டென்டுக்கு உறைத்தது. அவன் திருதிருவென்று முழிப்பதைப் பார்த்து அம்மா கைப்பையைத் திறந்தாள். மகள் பள்ளி அடையாள அட்டைக்கு எடுத்த போட்டோ ஒன்று உள்ளே இருந்தது. பக்கத்து ஸ்டூடியோவில் கொடுத்து ஒரு மணி நேரத்தில் பெரிதாக்கி வாங்கிவந்தார்கள். உயிரோடு இருக்கிற பிள்ளையின் படத்தையா வைப்பது என்று லைட்மேன்கள் முணுமுணுத்தார்கள். ஒரே ஒரு ஷாட்தானே என்றார் டைரக்டர். ரீடேக்கிடம் யாரும் கேட்கவில்லை. அவள் அப்போது வேதியியல் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள்.

போட்டோவில் அவளுடைய வகிடு கோணலாக இருந்தது. போட்டோ எடுத்த காலையில் அம்மா வெளியூர் படப்பிடிப்பில் இருந்ததால், அவளே தலை சீவி வகிடு எடுத்துக்கொண்டது. காட்சியில் அம்மா ஃபிரேமை எடுத்துத் துடைக்க வேண்டும், திரும்ப வைக்க வேண்டும், அவ்வளவே எழுதியிருந்தது. அம்மா துடைத்தாள், பார்த்தாள், மேசையில் கிடந்த சீப்பை எடுத்து, அந்தக் கோணல் வகிட்டை நேராக்கப் பார்ப்பவள்போல் கண்ணாடியின் மேலே சீவத் தொடங்கினாள். நாலு நிமிடம், ஒரே டேக். சீப்பு கண்ணாடியில் உராயும் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. மேலே பலகையில் உட்கார்ந்திருந்த லைட்மேன்கள் அழுத கண்ணீர் கீழே கேபிள்மேல் சொட்டி, ஷாக் அடித்துவிடப்போகிறது என்று துணி போட்டுத் துடைத்தார்கள். ஷாட் முடிந்ததும் அம்மா ஃபிரேமைப் பிரித்து போட்டோவை உருவி எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, யாரிடமும் பேசாமல் காரில் ஏறிப் போய்விட்டாள்.

அதற்கு முன் அந்த விருது அம்மாவுக்கு நாலு முறை கைநழுவிப் போயிருந்தது. ஒருமுறை ஒரே ஒரு ஓட்டில். ஒருமுறை படப்பெட்டி தாமதமாகப் போய்ச் சேர்ந்ததால். ஒருமுறை நெருங்கிய தோழிக்குக் கிடைத்து, மூன்று மணி நேரம் டிவி கேமரா முன்னால் சிரித்துக்கொண்டே இருந்ததில் தாடை பிடித்துக்கொண்டது. நாலாவது முறையைப் பற்றி வீட்டில் பேச்சே கிடையாது. ஹால் சுவரில் அந்த விருதுக்கென்று ஒரு மரத்தட்டு அடித்து வைத்திருந்தாள். அதில் எதுவும் வைக்கக் கூடாது, சாவிக்கொத்துகூட. வாரம் ஒருமுறை அந்தக் காலித் தட்டைத் துடைப்பது ரீடேக்கின் வேலை.

விருது அறிவித்த பிறகு அறுபத்து மூன்றாவது காட்சியை எல்லா டிவியும் திரும்பத் திரும்பப் போட்டன. ஒவ்வொரு தடவை ஒளிபரப்பாகும்போதும் அவளிடமிருந்து ஏதோ ஒன்று குறைந்தது. முதல் வாரம் நிழல் போயிற்று. இரண்டாவது வாரம் தானாகத் திறக்கும் கடைக்கதவுகள் அவளுக்குத் திறப்பதை நிறுத்திக்கொண்டன. வேறு யாராவது வரும்வரை காத்திருந்து ஒட்டிக்கொண்டு உள்ளே போனாள். பிறகு ஆட்களுக்கும் அவள் தெரியாமல் போனாள். அடுக்குமாடியின் வாட்ச்மேன் மட்டும், படம் பார்க்கப் போய் இடைவேளையிலேயே தூங்கிவிட்டவர். போட்டோ இடைவேளைக்குப் பிறகுதான் வருகிறது. அதனால் அவருக்கு மதியம்வரை ரீடேக் தெரிந்தாள். காலையில் "என்ன பாப்பா, ஸ்கூலுக்கா?" என்பவர், சாயங்காலம் காலி லிஃப்ட் தானாக மேலே போவதைப் பார்த்துப் பராமரிப்பு ஆபீசுக்குப் புகார் எழுதிப் போட்டார்.

குளியலறை எடை மெஷினில் ஏறிப் பார்த்தபோது முள் முப்பத்தாறில் நின்றது. அடுத்த நாள் முப்பத்து நாலு. ஒரு மதியம் சோபாவில் படுத்திருந்தவளை ஃபேன் காற்று ஒரு முழம் தூக்கிக் கீழே வைத்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் ஃபேன் போடுவது நின்றது. கோடைகாலம், அம்மா வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தாளே தவிர சுவிட்சைத் தொடவில்லை. ரீடேக் பள்ளிப் பையில் அம்மாவின் இரண்டு டம்பெல்களைப் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்தாள். ராத்திரி அகராதியை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு தூங்கினாள். பயமாக இருக்கிறது என்று யாரிடம் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. தோழிக்குப் போன் போட்டால், எதிர்முனையில் அவள் "ஹலோ, ஹலோ" என்று கத்திவிட்டு வைத்துவிடுகிறாள்.

விசாரிக்க வராமல் வேலையாக வந்த ஒரே ஆள் நோட்டு அத்தை. உறவில் அத்தை இல்லை. படப்பிடிப்பில் கன்டினியூட்டி பார்ப்பவள். நேற்று எடுத்த ஷாட்டில் டம்ளரில் பாதி டீ இருந்தால் இன்றைக்கும் பாதி டீயே இருக்க வேண்டும், கம்மல் எந்தக் காதில், சட்டையில் எத்தனை பொத்தான் போட்டிருந்தது என்பதையெல்லாம் நோட்டில் எழுதி வைப்பவள். முப்பத்தோரு வருடம், ஒரு தப்புக் கிடையாது என்று தொழிலில் பெயர். அந்தப் பெயரைச் சட்டையில் குத்திய பேட்ஜ்போலத் தூக்கிக்கொண்டு திரிவாள். கல்யாண வீட்டில்கூட எதிரில் இருப்பவரின் சட்டைக் காலரைச் சரிசெய்து விடுவாள். அவள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே ரீடேக்கை மேலும் கீழுமாகப் பார்த்து, "ஏண்டி, போன மாசம் உனக்கு நெழல் இருந்துச்சே, எங்க?" என்றாள். அம்மாவும் வாட்ச்மேனும் தவிர வேறு ஒரு ஆள் தன்னைப் பார்த்துப் பேசி ஒன்பது நாளாகியிருந்ததால் ரீடேக் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "சரி சரி, மூக்க என் சட்டைல தொடைக்காத" என்று அத்தை நோட்டைத் திறந்தாள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு வந்து ஒரு தாள் எழுதினாள். பின்னல் ஒன்று, இடது முட்டியில் தழும்பு, நிழல் இல்லை, எடை முப்பது. பின்னல் ஒன்று, தழும்பு லேசாக, எடை இருபத்தாறு. எழுதிய நாளில் குறைவது கொஞ்சம் மட்டுப்பட்டது. நிற்கவில்லை. விருது விழா இருபத்து நாலாம் தேதி. நாடு முழுக்க நேரலை. கணக்குப் போட்டுப் பார்த்த அத்தை, அந்தக் காட்சியை எல்லோரும் ஒரே நேரத்தில் பார்த்து ஒரே நேரத்தில் அழுதால் முள் பூஜ்யத்துக்குப் போய்விடும் என்று சொன்னாள். சொல்லிவிட்டு டீ கேட்டாள்.

அம்மா கண்ணுக்கு அதுவரை மகள் தெரிந்துகொண்டுதான் இருந்தாள். ஒரு மத்தியானம் அவள் ஒரே ஒரு தட்டை எடுத்து வைத்து, ரொட்டியைப் பிய்த்து, சாப்பிட ஆரம்பித்தாள். எதிர் நாற்காலியில் ரீடேக் உட்கார்ந்திருந்தாள். கத்தினால் அம்மா பயந்துவிடுவாளோ என்று அவள் கத்தவில்லை. பாதி ரொட்டியில் அம்மா நிறுத்தினாள்.

"கண்ணு, எங்க இருக்க?"

"இங்கதாம்மா. உனக்கு எதிர்ல."

அம்மா கையை நீட்டி மேசைமேல் துழாவி அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, அதுவரை யாருக்கும் சொல்லாததைச் சொன்னாள். "அந்த நாலு நிமிஷம் நான் நடிக்கலடி. நீ நெஜமாவே இல்லன்னு நெனச்சேன். உன் ரூம் காலியா இருக்கு, உன் செருப்பு வாசல்ல அப்படியே கெடக்கு, வகிடு எடுத்துவிட நான் வீட்டுல இல்லாம போயிட்டேன்னு, ஒண்ணு விடாம நெனச்சேன். அப்படி நெனச்சா நல்லா வரும்னு தெரிஞ்சேதான் நெனச்சேன்." அன்று எடை பத்தொன்பது.

அதற்குப் பிறகு அம்மா சும்மா இருக்கவில்லை. விருது வேண்டாம், வேறு யாருக்காவது கொடுங்கள் என்று குழுவுக்குக் கடிதம் எழுதினாள். எந்த விருதுக்காக வருடக்கணக்கில் தட்டைத் துடைக்க வைத்தாளோ, அதை ஒரு பக்கக் கடிதத்தில் உதறிவிட்டாள். துயரத்தின் உச்சத்தில் எழுதிய கடிதம் என்று குழு அதைப் பத்திரிகைக்குக் கொடுத்தது. படித்தவர்கள் எல்லாம் அழுதார்கள். மூன்று கிலோ போயிற்று. பத்திரிகைக்காரர்களை வீட்டுக்கு வரவழைத்து, மகளின் தோளில் கைபோட்டு நின்று, "பாருங்க, இதோ நிக்கிறா, நல்லாத்தான் இருக்கா" என்றாள். மறுநாள் முதல் பக்கத்தில், அம்மா வெறும் காற்றை அணைத்துக்கொண்டு நிற்கும் படம் அரைப்பக்க அளவில் வந்தது. இன்னும் ஐந்து கிலோ போயிற்று. அம்மா எதைச் செய்தாலும் அது நன்றாக இருந்தது. அதுதான் சிக்கல். உண்மையைச் சொன்னாலும் உலகம் அதை நடிப்பென்று எடுத்துக்கொண்டு கைதட்டியது.

விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, எடை ஒன்பது என்று எழுதிவிட்டு நோட்டு அத்தை பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தாள். டீ ஆறி ஏடு படிந்தது. பிறகு பழைய நோட்டு ஒன்றைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். அறுபத்து மூன்றாவது காட்சி, கடைசி ஷாட். சீப்பு உராய்ந்ததில் ஃபிரேமின் கண்ணாடி கீறிப்போய்விட்டது. அலமாரியையும் ஃபிரேமையும் மட்டும் தனியாக ஒரு ஏழு விநாடி எடுக்க வேண்டியிருந்ததால், மூன்று நாள் கழித்து ஆர்ட் அசிஸ்டென்ட் கடையிலிருந்து புது ஃபிரேம் வாங்கிவந்தான். போட்டோவை அம்மா எடுத்துப் போய்விட்டிருந்தாள். உள்ளே வைக்க ஒன்று வேண்டுமே என்பது அவனுக்கு இந்தத் தடவையும் உறைக்கவில்லை. ஃபிரேமின் உறையைப் பிரித்த கையோடு அலமாரியில் வைத்துவிட்டான். கடையில் விற்கும் எல்லா ஃபிரேமுக்குள்ளும் அழகுக்கு ஒரு மாதிரிப் படம் வைத்திருப்பார்களே, மஞ்சள் ஸ்வெட்டர் போட்டு, முன்பல் ஒன்று இல்லாமல் சிரிக்கும் ஒரு சிறுமி. அந்தப் படம் அப்படியே உள்ளே இருந்தது. கண்ணாடியின் மூலையில் பத்துக்கு எட்டு என்று அளவு போட்ட ஸ்டிக்கரும் இருந்தது.

"நீங்க பாக்கலியா அத்தை?"

"சாப்பாட்டு வண்டி வந்துருச்சுடி." அத்தை அவளைப் பார்க்காமல் நோட்டையே பார்த்தாள். "பசி. அங்கேர்ந்தே ஓகேன்னு எழுதிட்டேன். தியேட்டர்ல பாத்தப்பதான் தெரிஞ்சுது. திரும்பிப் பாத்தா அத்தன பேரும் கர்ச்சீப்ப மூஞ்சில வெச்சுக்கிட்டு இருக்கான். கண்ணு நெறைய தண்ணிய வெச்சுக்கிட்டு ஒருத்தனுக்கும் ஒண்ணும் தெரியல. நானும் வாய மூடிக்கிட்டேன்." விருதுக் குழுவில் இருந்த பதினோரு பேருக்கும் அந்த ஏழு விநாடி தெரியவில்லை. அவர்களும் அழுதுகொண்டிருந்தார்கள். அம்மா நோட்டை வாங்கிப் படித்தாள், இரண்டு முறை படித்தாள், பிறகு அந்த வீட்டில் ஒரு மாதமாகக் கேட்காத ஒன்றைச் செய்தாள். சிரித்தாள். ரீடேக் குளியலறைக்கு ஓடிப்போய் மெஷினில் ஏறினாள். ஒன்பது கிலோ நூறு கிராம்.

விழாவில் ஒவ்வொரு நடிகைக்கும் நாற்பது விநாடிக் காட்சி. அதற்குமேல் ஒரு விநாடி தர முடியாது என்று அமைப்பாளர்கள் கையை விரித்துவிட்டார்கள். அந்த ஏழு விநாடி நாற்பதுக்கு வெளியே இருந்தது. அத்தை போய்ப் படம் ஓட்டுபவரிடம் பேசி, முழுக் காட்சியையும் கையில் தயாராக வைத்திருக்கச் சொல்லிவிட்டு வந்தாள். பிறகு குளியலறை எடை மெஷினை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு, மறு கையில் ரீடேக்கைப் பிடித்துக்கொண்டு விழாவுக்குப் போனாள். வாசலில் பையைச் சோதித்த போலீஸ்காரர் இது எதற்கு என்று கேட்டார். சுகர் இருக்கு, டாக்டர் பாக்கச் சொல்லியிருக்கார் என்றாள். மேடையின் ஓரத்தில், திரைக்குப் பின்னால், ரீடேக் மெஷின்மேல் ஏறி நின்றாள். ஆறு கிலோ. ஏ.சி. காற்றில் அசையாமல் இருக்க அத்தை அவள் பின்னலைப் பிடித்துக்கொண்டாள்.

காட்சி ஓடியது. கண்ணாடியில் சீப்பு உராயும் சத்தம் அரங்கம் முழுக்கக் கேட்டது. முதல் வரிசையில் அமைச்சர் மூக்கைச் சிந்தினார். முள் நாலு, மூன்று, இரண்டு என்று இறங்கியது. ரீடேக் தன் கைகளைப் பார்த்தாள். கைகள் வழியாக மெஷினின் எண்கள் தெரிந்தன. அம்மா மேடைக்குப் போய் விருதை வாங்கிக் கீழே, தரையில், காலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தாள்.

"நன்றியெல்லாம் அப்புறம் சொல்றேன். மொதல்ல எல்லாரும் கண்ணத் தொடச்சுக்குங்க. அமைச்சர் சார், நீங்களும்தான். வீட்ல பாக்கறவங்களும். தொடச்சாச்சா? இப்ப அதோட கடைசி ஷாட்ட மட்டும் போடச் சொல்றேன். என்னப் பத்தி நெனைக்காதீங்க. ஃபிரேம மட்டும் பாருங்க."

அலமாரி வந்தது. ஜன்னல் வெளிச்சம் வந்தது. ஃபிரேமுக்குள் மஞ்சள் ஸ்வெட்டர் சிறுமி முன்பல் இல்லாமல் சிரித்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை. முன் வரிசையில் ஒரு விமர்சகர் பக்கத்தில் இருந்தவரிடம், இறந்த மகள் எல்லா மகள்களாகவும் மாறிவிடுகிறாள், எவ்வளவு ஆழமான குறியீடு பாருங்கள் என்று கிசுகிசுத்தார். அது வரிசை வரிசையாகப் பின்னால் பரவியது. பின்னாலிருந்து புதிதாக ஒரு விசும்பல் கிளம்பியது. முள் ஒன்றரையைத் தொட்டது.

நோட்டு அத்தை கையிலிருந்த பின்னலை ரீடேக்கின் கையிலேயே கொடுத்து, "திரைய இறுக்கிப் புடிச்சுக்க" என்றாள். வீட்டுச் செருப்போடு மேடைக்கு நடுவில் போய் நின்று, அம்மாவிடமிருந்து மைக்கை வாங்கினாள். முப்பத்தோரு வருடத்தில் அவள் கேமராவுக்கு முன்னால் வந்தது அதுதான் முதல் முறை.

"குறியீடும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நான்தான் இந்தப் படத்துக்குக் கன்டினியூட்டி. சாப்பாட்டு வண்டி வந்துருச்சு, நான் பாக்காமயே ஓகே போட்டுட்டேன். அது ஃபிரேம் கடைக்காரன் வெச்ச படம். மூலையில பாருங்க, பத்துக்கு எட்டுன்னு எழுதியிருக்கு."

மூன்றாவது வரிசையில் கறுப்புச் சட்டையோடு உட்கார்ந்திருந்த மேக்கப்காரர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அட, ஸ்டிக்கரக்கூடக் கிழிக்கலடா!" என்றார். அவர் மெதுவாகத்தான் சொன்னார், அரங்கம் அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. அவர்தான் முதலில் சிரித்தார். பிறகு அந்த வரிசை, பிறகு அமைச்சர், பிறகு விமர்சகர் கடைசியாக. நாடு முழுக்க வீடுகளிலும் டீக்கடைகளிலும் ஆஸ்பத்திரி வரவேற்பறைகளிலும் ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அம்மா மேடையில் நின்று அந்தச் சிரிப்பு முழுவதையும் கேட்டாள். தன் வாழ்நாளில் செய்த மிகச் சிறந்த நாலு நிமிடத்தைப் பார்த்து இனி ஒருவரும் அழப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அவள் பார்வை மட்டும் திரையோரத்தை விட்டு நகரவில்லை. அங்கே முள் ஐந்தையும் பதினேழையும் முப்பதையும் தாண்டி ஓடி நாற்பத்து மூன்றில் வந்து நின்று, திரையின் பின்னால் ஒரு நிழல் விழுந்தது. வகிடு கோணலாக இருந்தது நிழலிலேயே தெரிந்தது.

பள்ளிக்கூடத்தில் சிவப்புக் கோட்டை வெள்ளை மையால் அழித்தார்கள். முப்பத்தெட்டு நாள் வராததற்கு விடுப்புக் கடிதம் கேட்டார் கிளார்க். அம்மா எழுதிக் கொடுத்தாள், காரணம்: இறப்பு. அவர் வாங்கிக் கோப்பில் சேர்த்துக்கொண்டார். அப்பா இன்னொரு செய்தி அனுப்பினார், சந்தோஷம் என்று ஒரே வார்த்தை. பிறகு வழக்கம்போல ஒன்றும் அனுப்பவில்லை. அறுபத்து மூன்றாவது காட்சி நகைச்சுவை நிகழ்ச்சிகளில் ஓட ஆரம்பித்தது. அம்மாவுக்கு அடுத்து வந்த நாலு படங்களில் மூன்று சிரிப்புப் படம். நோட்டு அத்தையை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. அவள் பேருந்து நிலையத்தில் தொலைந்த பொருள் அலுவலகத்தில் சேர்ந்தாள். மூன்று மாதத்தில் அங்கே அலமாரியில் இருந்த அத்தனை குடைகளும் உரியவர்களிடம் போய்ச் சேர்ந்தன. விருது தட்டில் ஏறியது. ரீடேக் வாரம் ஒருமுறை அதையும் துடைத்தாள்.

அந்த விழா முடிந்த மறுநாளிலிருந்து நாட்டில் உள்ள எல்லாக் கடைகளிலும் ஃபிரேம்களுக்குள் வெள்ளைத்தாள்தான் இருந்தது. அம்மா வீட்டுக்கு ஒரு ஃபிரேம் வாங்கக் கடைக்குப் போனபோது கூடப் போன ரீடேக்தான் அதைக் கவனித்தாள். மஞ்சள் ஸ்வெட்டர் எங்கே என்று கடைக்காரரைக் கேட்டாள். "எப்பவுமே வெள்ளத்தாள்தானேம்மா வரும்" என்றார் அவர். வீட்டுக்கு வந்து படத்தை ஓட்டிப் பார்த்தாள். கடைசி ஷாட்டிலும் ஃபிரேம் வெள்ளையாக இருந்தது, ஸ்டிக்கர்கூட இல்லை. ரீடேக் போகும்போது நாடே அழுதது. மஞ்சள் ஸ்வெட்டர் சிறுமி போகும்போது எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு வீட்டில் யார் கண்ணுக்கும் தெரியாமல் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று ரீடேக்குக்குத் தெரியும். அவளுக்கு மறுபடி பயம் வந்தது. தனக்காக வந்த பயத்தைவிட இது பெரிதாக இருந்தது.

பேருந்து நிலையத்துக்குப் போய் அத்தையிடம் மிச்சமிருந்த தாள்களைக் கேட்டாள். எதற்கு என்று அத்தை கேட்கவில்லை, பேனாவையும் சேர்த்துக் கொடுத்தாள். ரீடேக் தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு எழுதினாள். ஸ்வெட்டர் மஞ்சள். முன்பல், மேல் வரிசை, இடது பக்கம், இல்லை. தலைமுடி காதுவரை. கண் லேசாகச் சுருங்கியிருக்கிறது, வெயிலைப் பார்த்து நின்றதால் இருக்கலாம். பொத்தான் மூன்று, நடுப் பொத்தான் போடவில்லை. அடுத்த நாளும் அதே. ஸ்வெட்டர் மஞ்சள், பொத்தான் மூன்று. எண்பத்தாறு தாள் எழுதினாள்.

எண்பத்தேழாவது நாள் நாலு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. ரீடேக் கதவைத் திறந்தாள். மஞ்சள் ஸ்வெட்டர் போட்ட சிறுமி, முன்பல் இல்லாமல் சிரித்துக்கொண்டு நின்றாள். ஸ்வெட்டரின் கீழ் மூலையில் ஸ்டிக்கர் இருந்தது. ரீடேக் முதலில் ஓடிப்போய் ஃபேனை நிறுத்தினாள். பிறகு அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து மெஷினில் ஏற்றினாள். முந்நூறு கிராம், ஒரு ஃபிரேமின் எடை. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவள் முன்னால் குனிந்து, அந்த நடுப் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

"சாப்டியாடி?" என்றாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் மூன்று தட்டு. பள்ளியில் சேர்க்கும்போது கிளார்க் சான்றிதழ் கேட்டார். அம்மா பழைய நோட்டின் அந்தப் பக்கத்தைக் காட்டினாள். அதில் அத்தையின் கையெழுத்தில் ஓகே என்று இருந்ததால் அவர் ஏற்றுக்கொண்டார். ஸ்டிக்கர் எத்தனை தடவை துவைத்தாலும் போகவில்லை. இப்போது எடை இருபத்தொன்று. போன வாரத்திலிருந்து வீட்டில் ஃபேன் ஒன்றாம் எண்ணில் ஓடுகிறது.